அலைமேல் ஒரு பெரட்டு

செராத்திங் கடற்கரை
1984

அன்புள்ள இருளாயிக்கு,

முட்டிவலியும் என்மேல் உள்ள கோபமும் குறைந்ததா? நான் ஹோட்டல் சோற்றில் ஊதிப்போய் நலமாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். இங்கே வெள்ளைக்காரர்கள் பலகைமேல் நின்று அலையில் சறுக்குகிறார்கள். கரையில் வேலை செய்கிறவனும் அதைப் பழகணும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நம் லகாட்டில் ஈயம் தோண்டிய குட்டையைக் கண்டாலே ஒதுங்குகிறவன் நான்!

முதல் நாள் வந்தது சின்ன அலைதான். அது பலகையைத் தூக்கியதும் குப்புறப் படுத்துக் கட்டிக்கொண்டேன். பழக்குகிற வெள்ளைக்காரன், "ஸ்டேண்ட் அப்!" என்று கத்தினான். எஸ்டேட்டில் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்ட மாதிரி இருந்ததா, விறைப்பாக எழுந்து, "இருக்கேன் தொரே!" என்றேன். அப்படியே கரை சேர்ந்தேன்.

"ஒங்களுக்குப் பயமே இல்லலா அண்ணே!" என்றான் கூட வேலை செய்யும் பிச்சைமுத்து. கால் நடுங்கியதை அவன் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஆழத்துக்குப் போகணுமாம். எனக்கு இன்னும் நீச்சல் வரவில்லை. மகளிடம் சொல்லாதே.

காளியம்மன் கோயில் கயிறு ஒன்று அனுப்பு. இங்கே கட்டிவிட ஆளில்லை. முடிச்சுப் போட்டே அனுப்பு, கையை நுழைத்துக்கொள்கிறேன். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். என் மணிக்கட்டு அளவு உனக்குத் தெரியும்.

மாயாண்டி