பின்வாசலில் சாப்பிட்ட நடிகர்

அன்பு மகள் ஷாஹிராவுக்கு அத்தாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் பினாங்கில் நாங்கள் எல்லோரும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகன் ஹைருலும் பேத்தி லைலாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது ஷாஹிரா, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் முட்டிவலியைச் சொல்லி முடித்துவிட்டேன். அதனால்தான் பக்கத்து வீட்டுச் சற்குணம் ஐயாவை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். அவர் பெரிய ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவர், நான் எப்படிச் சொன்னாலும் அவர் கை அதை நல்ல தமிழாக்கித்தான் எழுதும், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எழுதி முடித்ததும் உன் அண்ணி நோர்மா போட்டோ பிடித்து அனுப்புவாள், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் ஹக்கீமுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மறுபடியும் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வந்து இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. பிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகிறது, ஏழு மாடி இறங்கி ஏறுகிறேன், அதுதான் முட்டிவலி, வேறொன்றும் இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். நடிகர் தவசிக்கண்ணு சினிமாவுக்கு வந்து அறுபது வருடம் ஆனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே விழா எடுக்கிறார்களே, அதற்கு நீ என்னைக் கேட்காமலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டாய். ஆசையாகத்தான் செய்தாய், தெரியும். விழாக் கமிட்டியிலிருந்து புவனேஸ்வரன் என்ற தம்பி மூச்சு வாங்க ஏழு மாடி ஏறி வந்து, "பெரியவரே, நீங்க ஒண்ணும் பேச வேணாம் லா, சும்மா மேடையில வந்து நின்னாப் போதும், ஐயா கட்டிப் பிடிப்பாரு, நாங்க பொன்னாடையப் போட்டுருவோம், மத்தத ஜனம் பாத்துக்கும்" என்றான். 'ஐயாவுக்கு முதல் விருது கொடுத்த பினாங்குக்காரர்' என்று என் படத்தோடு பேனர் அடித்திருப்பதாகப் போனில் காட்டினான். நீயும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறேன் என்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். எழுபத்தெட்டாம் வருடம் தவசிக்கண்ணு கலைநிகழ்ச்சிக்காகப் பினாங்குக்கு வந்தார், அவர் வில்லனாக நடித்த படம் அப்போது இங்கே ஓடிக்கொண்டிருந்தது, பெற்ற தாயின் காதுத்தோட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற மகனாக வருவார், அதைப் பார்த்து ரத்தம் கொதித்த ஒரு சோற்றுக்கடைத் தம்பி "ஒனக்கெல்லாம் சோறு கெடையாது, போய்யா" என்று அவரை விரட்டினான், "அந்தத் தம்பி குடுத்ததுதான் எனக்கு மொத விருது" என்று பின்னால் அவரே டிவியில் சொன்னார், அந்தத் தம்பி உன் அத்தா. இதில் கடை உண்மை, வருடம் உண்மை, விரட்டியதும் உண்மை. ரத்தம் கொதித்தது மட்டும் பொய்.

நடந்ததை இப்போது சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராதே தவிர ஞாபகம் மட்டும் இன்னும் மங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் வேலை பார்த்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் முதலாளி இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்து, நடிகர்களைத் தவிர ஒரு ஈ கூட இதில் உட்காரக் கூடாது என்று என்னை அங்கே நிறுத்தினார். மூன்று காரில் வந்தார்கள், கதாநாயகி, காமெடியன், பாட்டுக்காரர்கள், எல்லோரும் சென்ட் வாசனையோடு உட்கார்ந்தார்கள். கடைசியில் தூண் மறைவில் ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது, கடையும் ஒரே இரைச்சல். கொஞ்சம் பொறுத்து ஒருவர் நடந்தே வந்தார், நல்ல கறுப்பு, கன்னம் ஒட்டி, சட்டையெல்லாம் வேர்வை, காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஒரு தகரப் பெட்டி. மண்டபத்தில் சாமான் இறக்க ஆள் போதாமல் அவரும் சேர்ந்து இறக்கியிருக்கிறார், அது எனக்குப் பின்னால்தான் தெரியும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்து, "ஏய், இது நடிகருங்க மேசைடா, ஒன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்திருக்கியா, மூட்ட தூக்குறவனுக்கெல்லாம் பின்னால எடம் இருக்கு, போ" என்றேன்.

இந்த இடத்தில் சற்குணம் ஐயா பேனாவை வைத்துவிட்டு, "இதை அப்பிடியே எழுதவோ மைதீன்?" என்று கேட்கிறார். ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம் ஐயா என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னை ஒரு பார்வை பார்த்தார், கோபமே இல்லை, "சரிண்ணே" என்றார், எழுந்து பின்னால் போனார். அங்கே சாக்கடையும் தட்டுக் கழுவுகிற தொட்டியும்தான் இருந்தன. வெறும் குழம்பை ஊற்றி ஒரு தட்டை நானே கொண்டுபோய் நீட்டினேன், இறைச்சி வைக்கவில்லை. ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கால் மணி நேரம் கழித்துக் கதாநாயகி சுற்றுமுற்றும் பார்த்து, "தவசி சார் எங்கே, இன்னும் சாப்பிட வரலையா" என்று கேட்டபோதுதான் நான் விரட்டியது யாரை என்று எனக்குப் புரிந்தது. இரண்டு தடவை டிக்கெட் எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தவன் நான், மீசையும் டோப்பாவும் இல்லாமல் வந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் விரட்டியிருக்க மாட்டேன் மகளே, காலில் விழுந்திருப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓடினேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர்தான், "கொழம்பு நல்லாருந்துச்சுண்ணே" என்றார். கடைக்குள்ளே வராமல் சந்து வழியாகவே காருக்குப் போய், கேட்ட கதாநாயகி அம்மாவிடம் "பின்னால நல்லாக் காத்து வந்துச்சும்மா, அங்கயே உக்காந்துட்டேன்" என்று சொன்னார். முதலாளி காதுக்குப் போயிருந்தால் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார். தொட்டியில் வேலை செய்த நாகூர் மீரான் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தான். "மைதீனு, அந்தாளு தட்டையும் கழுவி வச்சுட்டுப் போயிருக்காருடா" என்றான்.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு உயரம் போனார் என்று உனக்குத் தெரியும். நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிற ஆளாக இருந்தவர், பதினைந்து வருடம் வில்லனாக அடிவாங்கியவர், அடியாள், கந்துவட்டிக்காரன், கள்ளச்சாமியார் என்று எதைக் கொடுத்தாலும் அந்த ஆளாகவே வந்து நிற்பார். எனக்குப் படத்தின் பெயர் நிற்காது, காட்சிதான் நிற்கும், அவர் வந்த காட்சி ஒன்றுகூட என்னை விட்டுப் போகவில்லை. அப்புறம் தலை நரைத்ததும் அப்பா வேடம், டெல்லியில் விருது, கட்சிக்காரர்கள் கூப்பிட்டும் போகாமல் இருந்தது, எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். தொண்ணூற்றைந்தில் பெருநாள் சமயம் டிவியில் அவர் அந்த முதல் விருதுக் கதையைச் சொன்னபோது கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், நீயும் உன் அம்மாவும் கூட இருந்தீர்கள், உனக்கு ஒன்பது வயது. நான் எழுந்து நின்று "அட, அது நாந்தான்!" என்று கத்தினேன். என் காதிலேயே அது உண்மை மாதிரி விழுந்தது. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும் போல என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். அதிலிருந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். நான் ஆரம்பித்தால் நாகூர் மீரான் எழுந்து தட்டுக் கழுவப் போய்விடுவான். அவனும் மௌத்தாகிவிட்டான், இந்தக் கடிதத்துக்கு முன்னால் இந்த உண்மை தெரிந்தவர்கள் அவரும் நானும்தான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன்னைக் கறுப்பி என்று கேலி செய்தார்கள் என்று நீ சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாயே, அப்போது நான் தவசிக்கண்ணுவைத்தான் சொன்னேன். "அவரு என்ன கலரு பாத்தியா, இன்னிக்கு ஒலகமே கையெடுத்துக் கும்புடுது, மொகத்துல என்னாடா இருக்கு, மடையனுங்க சொல்றத விடு புள்ள" என்றேன். நீ எழுந்து சாப்பிட்டாய். கண்ணாடியில் மூஞ்சியைப் பார்த்தாயா என்று அந்த மனிதனைக் கேட்ட அதே வாயால் உனக்கு அதைச் சொன்னேன். அந்த மடையன் நான்தான் ஷாஹிரா.

அன்றைக்கு நான் ஏன் விரட்டினேன் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நானும் பல வருடம் ஓட்டினேன். நீ டப்ளினுக்குப் போன மூன்றாம் வருடம் ஒரு படம் வந்தது, அதில் அவர் ஏழைச் சம்பந்தி. கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரைப் பெண்வீட்டு ஆள் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்புவான். அவர் அவனை ஒரு பார்வை பார்ப்பார். "சரிண்ணே" என்பார். எழுந்து போவார். தியேட்டரே அழுதது, ஹக்கீம் அழுதான், அந்த நடிப்புக்குத்தான் டெல்லியில் இரண்டாம் தடவை விருது கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அது நடிப்பு இல்லை. முப்பத்தைந்து வருடம் அந்தப் பார்வையை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான், அதை டிவியில் ஒரு சிரிப்புக் கதையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார், எனக்காகவா அவருக்காகவா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உன்னிடம் திருத்தவும் இல்லை. நீ அங்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதன் பலன்தான் இந்தப் பேனர்.

நேற்றுப் புவனேஸ்வரன் வந்தபோது மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "என்னா பெரியவரே, ஜனங்க டிக்கெட் வாங்கிட்டாங்க, பேனர் அடிச்சாச்சு, இப்பப் போயி வெக்கப்படுறீங்களே" என்று தலையில் கை வைத்தான். ஆமா தம்பி வெட்கம்தான் என்றேன். காரணம் சொல்லவில்லை. கதையை மாற்றிச் சொன்னது அவர், அதை ஊருக்கு முன்னால் உடைக்க எனக்கு உரிமை இல்லை, அதை வைத்துப் பொன்னாடை வாங்கவும் உரிமை இல்லை. கேமரா இல்லாமல் ஹோட்டல் அறையில் ஐந்து நிமிஷம் அவரைப் பார்க்க விடுங்கள் என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான். நான் சோற்றுக்கடை மைதீன், நீங்கள் மூட்டை தூக்குகிறவர் என்று நினைத்துத்தான் உங்களை எழுப்பினேன், மூட்டை தூக்குகிறவராகவே இருந்திருந்தாலும் எழுப்பியிருக்கக் கூடாது, இதைச் சொல்ல வேண்டும். மன்னிப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். முகம் கொடுக்காவிட்டால் எழுந்து வந்துவிடுவேன். உனக்கு என்மேல் வெறுப்பு வந்தால் டிக்கெட்டை மாற்றிக்கொள், அத்தா ஒரு சொல் சொல்லமாட்டேன். வருவதானால் பொன்னாடை பார்க்க வராதே, சனிக்கிழமை அந்த அறைக்கதவு வரைக்கும் என்னோடு வா, எனக்குத் தனியாகப் போகக் கால் வராது.

அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் கொடுப்பானாக, லைலாவை நல்ல சொல் பேசுகிற பிள்ளையாக வளர்ப்பானாக. அவளுக்குக் காதுவலி என்றாயே, விமானத்தில் பஞ்சு வைத்துக் கூட்டி வா. மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். அவள் வகுப்பில் தாத்தா கதை என்று இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள் என்றாய் அல்லவா, அவளை உன் பக்கத்தில் உட்காரவைத்து இதை முழுவதும் வாசித்துக் காட்டு. நான் அவரிடம் சொன்ன வார்த்தை வருகிற இடத்தில் நிறுத்தாதே, மெல்லவும் வாசிக்காதே.

இப்படிக்கு,
உன் அத்தா பக்கீர் மைதீன்
(இடது பெருவிரல் ரேகை)