இரண்டு பாடம் போதும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, அளவாகச் சண்டை போட்டு, நலமாக இருக்கிறோம். நீயும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. இந்தப் பருவத்திலிருந்து என் படிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளப் போகிறேன். நிறுத்தவில்லை, குறைக்கிறேன். நான்கு பாடத்துக்குப் பதில் இரண்டு. ஏன் என்று தெரியாமல் நீ கோபப்படக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு தாளும் மையும்.

முதலில் நல்ல சேதி. முதல் வருடப் பரீட்சை முடிவு வந்துவிட்டது, எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன், வெப்பவியலில் வகுப்பிலேயே இரண்டாவது. உன் அம்மா இதை மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. முப்பது வருடமாக ஆஸ்பத்திரி பாய்லரோடும் நீராவியோடும் குடும்பம் நடத்துகிறேன், அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை இப்போதுதான் ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். பேராசிரியர் கரும்பலகையில் பாய்லர் படம் போட்டபோது சேஃப்டி வால்வை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார், நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எழுந்து சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சாக்பீஸை என் கையில் கொடுத்து என்னையே போடச் சொன்னார். ஆனால் பரீட்சை அன்று அடித்த கூத்தைக் கேள். எழுதி முடித்தேன், மணி அடித்தது, பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள், நான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்காணிப்புக்கு வந்த அம்மையார் பக்கத்தில் வந்து உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டார். அடுத்த ஆள் இன்னும் வரவில்லை என்றேன். பாய்லர் அறையில் அடுத்த ஷிப்ட்காரர் வந்து கையெழுத்துப் போடாமல் நாங்கள் இடத்தை விட்டு நகர மாட்டோம், அந்தப் பழக்கம். சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது, அசடு வழிய எழுந்து வந்தேன். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி நான் உன்னிடம் மறைத்தது. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு, இரண்டு மணிக்கு டியூட்டி, பத்துக்கு வீடு, விடியற்காலை எழுந்து படிப்பு என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று நீ வாராவாரம் கேட்பாய், ஒரு குறையும் இல்லை என்று நானும் வாராவாரம் சொல்வேன். போன மாதம் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அந்த வாரம் தண்ணீர் ஏற்றும் பம்ப் பழுதாகி, தானாக ஓடவில்லை, நாங்கள்தான் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரத்தில் நான் கண்ணையே மூடிவிட்டேன். மட்டம் இறங்கி, அபாய மணி அடித்து, பாய்லர் தானாகவே அணைந்து நின்றது. நீராவி இல்லாமல் சலவைப் பிரிவு நின்று, சமையலறையும் நின்று, சலவைக்கார அம்மா ஓடி வந்து உலுக்கிய பிறகுதான் எனக்கு விழிப்பு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மெஷினுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லையே.

எங்கள் இன்ஜினியர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. டியூட்டி நோட்டில் தூங்கியதை என் கையாலேயே எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, ரெண்டுல ஒண்ணைக் குறைச்சே ஆகணும். எதைக் குறைக்கிறதுன்னு வீட்டுல பேசி நீங்களே சொல்லுங்க" என்றார். வேலையைக் குறைத்தால் பாதி டியூட்டி, பாதிச் சம்பளம். படிப்பைக் குறைத்தால் இன்னும் இரண்டு வருடத்தில் முடிவது நான்கு வருடம் ஆகும். உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, நான் வேலையைத்தான் குறைக்க நினைத்தேன். வெப்பவியலில் இரண்டாவதாக வந்த திமிர் தலைக்கு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, படிப்பு முடியும் வரை கொஞ்சம் கூடுதலாக அனுப்ப முடியுமா என்று கேட்டுவிடலாம் என்று இருந்தேன். எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது.

சனிக்கிழமை உன் அறைத்தோழி வந்தாள், லீவுக்கு வந்தவள் நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போக. அம்மா அவளை உட்கார வைத்து, அவளுடைய மாலைநேர மேற்படிப்பு எப்படிப் போகிறது என்று பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பெண் கள்ளம் கபடம் இல்லாமல், "போன வருஷம் இடம் முதல்ல உங்க பொண்ணுக்குத்தான் கிடைச்சுது ஆன்ட்டி, இப்ப முடியாதுன்னு விட்டுட்டா" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய், பாவம், அவளைத் திட்டாதே. அவள் போன பிறகு நானும் அம்மாவும் மாதங்களை எண்ணிப் பார்த்தோம். நீ அந்த இடத்தை விட்ட மாதமும் நீ அனுப்பிய பணத்தில் நான் முதல் கட்டணம் கட்டிய மாதமும் ஒன்று. இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் தேவையில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே, இப்படி ஒரு பெண்ணைப் பெற என்ன செய்தோம் என்று நெஞ்சு நிறைந்து போனது. அம்மா அழுதாள். நான் அழவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

உனக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சந்தோஷத்தை நீ எனக்குக் கொடுத்தாய். அதற்காக நீ எதை விட்டாய் என்று எனக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டாய். போதும் அம்மாடி. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, திங்கட்கிழமை இன்ஜினியரிடம் போய் வேலை முழுசாக இருக்கட்டும், படிப்பைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் உடனே வாரத்தில் இரண்டு காலை மட்டும் வகுப்பு வருகிற மாதிரி பட்டியல் போடப் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார், கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இரண்டு பாடத்துக்கான கட்டணத்தை என் சம்பளத்திலேயே சமாளிக்கலாம், அம்மா கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நான் மட்டும் நான்கு வருடம் ஆகுமே, முடிக்கும்போது ஐம்பத்தாறு ஆகிவிடுமே என்று இழுத்தேன். அதற்கு அவள், "அம்பத்தாறு எப்படியும் வரத்தான் போகுது. சும்மா வர்றதுக்குப் படிச்சுக்கிட்டே வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே அடுத்த மாதத்திலிருந்து எனக்கு ஒரு காசுகூட அனுப்பக் கூடாது. அந்த மாலைநேரப் படிப்புக்கு இந்த வருட விண்ணப்பம் இருபதாம் தேதி வரை வாங்குகிறார்கள், உன் தோழியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ சேர வேண்டும். சேரும்போது என்னைப் போல முதல் வருடமே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வேலைக்கும் படிப்புக்கும் நடுவே தூக்கத்துக்கும் ஒரு இடம் விட்டு வை, பட்டவன் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. பாடத்தைக் குறைப்பதற்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இதுவரை கட்டணம் கட்டியவர் அதில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் பெயரை எழுதி, உறவுமுறை என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். அலுவலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், அப்பா பெயரை எழுதுகிற இடம் இது என்றார். எனக்கு அப்பா இல்லை, மகள்தான் படிக்க வைக்கிறாள் என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். உன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு இதில் கையெழுத்துப் போடு. அந்த வரிசை மாறக் கூடாது. நீ போடாவிட்டால் என் பெயர் நான்கு பாடத்திலும் அப்படியே நிற்கும், நானும் மறுபடி பாய்லர் முன்னால் தூங்குவேன், உன் இஷ்டம்.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் படித்து, நெடுங்காலம் நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதிலேயே சேர்த்தி. ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. இருபதாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் பாதுகாப்பில் படிக்கும் மாணவன்,
அப்பா