நிலம் எட்டும் உயரம்

வியாழக்கிழமை, இரவு

காலையில் மகள் என் சைக்கிள் சீற்றை உயர்த்திவிட்டாள். கொஞ்ச நாளாக எனக்கு முழங்கால் நோ. சீற் பதிவாக இருப்பதுதான் காரணம் என்றாள். குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக நீளவேண்டுமாம்.

"உயர்த்தினால் எனக்கு நிலம் எட்டாது, பிள்ளை."

"ஏன் எட்டவேணும்? இஞ்சை ஆர் அம்மா உங்களை மறிக்கப் போகினம்?"

அவள் நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு இங்கே பிறந்தவள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஆமிச் சென்றிக் காவலிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. ஆமிக்காரன் கையைக் காட்டியதும் கால் நிலத்தில் இருக்கவேண்டும்.

வேலைக்குப் போகும்போது முழங்கால் நோகவேயில்லை. சமையல் வேலை முடிந்து டவுன்டவுனிலிருந்து திரும்பும்போது, வீதி திருத்தும் இடத்தில் ஒருவன் லொறிக்கு வழிவிடக் கையை உயர்த்தினான். நான் காலை ஊன்றப் போனேன். நிலம் எட்டவில்லை. சைக்கிளோடு விழுந்தேன்.

அவன் ஓடிவந்து, "சா வா, மதாம்?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டுக் குனிந்தான். நான் கிடந்தபடியே என் மருத்துவ அட்டையை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். படம் உள்ள அட்டை என்னிடம் அதுதான். அதைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று தெரியாது. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. "மெர்சி" என்று நன்றி சொல்லி எழும்பினேன்.

சாப்பிடும்போது மகள் கேட்டாள். "இப்ப கால் எப்பிடி அம்மா?"

"நோ இல்லை."

அவள் படுத்த பிறகு கீழே போய்ச் சீற்றைப் பழையபடி இறக்கிவிட்டு வந்தேன். நாளைக்கு முழங்கால் நோகும். நோகட்டும்.