திறக்காத டப்பா

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. எனக்கு ஒன்றுமில்லை. மகள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

சலவைக்கூடத்தில் பாய்லர் மறுபடியும் நின்றுவிட்டது. குழாயில் ஊசி குத்தியதுபோல் ஏழு ஓட்டை. எல்லாம் கிணற்று உப்பின் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலையாகக் கிடக்கின்றன.

நீங்கள் செய்த பொடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். களிமண் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், உலையில் சுட்டுத் தண்ணீரில் போட்டால் உப்பிலுள்ள குளோரைடை அடுக்குகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றீர்கள். முதல் தடவை பிடித்தது. உப்பிருந்தால் வெளுக்கவைக்கும் சோதனைச் சொட்டு விட்டும் தண்ணீர் வெளுக்கவில்லையாம். அப்போது நான் கண் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தேன். நான் திரும்பி வந்த பிறகு ஐந்து தடவை செய்தீர்கள். ஐந்து தடவையும் சொட்டு விட்டதும் பால்போல் வெளுத்தது. பட்டம் வாங்கத் தெரிந்தவருக்குப் பொடி கலக்கத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மறுநாளே கிளம்பிவிட்டீர்கள். மகளும் உங்களோடு.

போன வாரம் அலமாரிக்குப் பின்னால் ஒரு டப்பா விழுந்து கிடந்தது. நீங்கள் மூடியது மூடியபடி. தூக்கி எறியத்தான் எடுத்தேன். எதற்கும் பார்ப்போம் என்று ஒரு வாளித் தண்ணீரில் கலக்கிவைத்து, மறுநாள் சொட்டு விட்டேன். லேசான மங்கல், அவ்வளவுதான். மூன்று தடவை விட்டுப் பார்த்தேன்.

அது ஒன்றுதான் என் கையில் சிக்காமல் தப்பியது. மற்றதையெல்லாம் நான் திறந்தேன். சூடான பொருளை மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும் என்பது துணியில் நான் நாற்பது வருஷம் பார்த்தது. சனிக்கிழமை நீங்கள் மூடிவிட்டுப் போவீர்கள். ஞாயிறு முழுக்கத் தட்டில் பரப்பிக் காற்றாட விடுவேன். திங்கட்கிழமை நீங்கள் வருமுன் நிரப்பி மூடிவிடுவேன். இப்போது புத்தகம் வாங்கிப் படித்தேன். சுட்ட பொடி பசியோடு இருக்குமாம். காற்றில் வைத்தால் அதிலுள்ள கரியமில வாயுவைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளுமாம். பிறகு உப்புக்கு எங்கே இடம்?

உங்கள் மேலும் குறை உண்டு. மூடியில் "திறக்கக் கூடாது" என்று எழுதினீர்கள், ஏன் என்று எழுதவில்லை. என் இடத்தில் எனக்கே உத்தரவா என்று கோபம் வந்தது. சரி, அது போகட்டும். யாராவது டப்பாவைத் திறந்தீர்களா என்று அன்று நீங்கள் கேட்டபோது, நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நேற்று எல்லாரையும் கூப்பிட்டு, உங்களைப் பேசிய அதே இடத்தில் நின்று இதைச் சொன்னேன். இஸ்திரி போடும் பெரியம்மா, அன்னைக்கே சொல்லியிருந்தா வாய் வெந்துபோயிருக்குமா மொதலாளி என்று கேட்டார். யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

அங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மகளை ஒரு தடவை போன் எடுக்கச் சொல்லுங்கள், அவள் அம்மா கேட்கிறாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வண்டி வரும்போது நான் ஸ்டேஷனில் இருப்பேன். நீங்கள் வராவிட்டால் அடுத்த வெள்ளியும் இருப்பேன். எனக்கு அந்தப் பக்கம் வேறு வேலையும் இருக்கிறது.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா