கறுப்புக் காரில் வட்டக் கோடுகள்

1998 மார்ச் 3, செவ்வாய்
பத்து மணி வரை பனிமூட்டம். பிறகு சுள்ளென்று வெயில். தேயிலைத் தோட்டத் துரையின் புதுக் காரைக் கழுவினேன். பானட்டில் வட்ட வட்டமாய் மெல்லிய கோடுகள். தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். துரை எனக்கு முந்திப் பார்த்துவிட்டார்.

"டிரைவர், இன்னும் ஒரு கோடு வந்தா நீ கொழுந்து லொறிக்கு போ."

லொறிக்குப் போனால் டிரைவருக்குக் கொடுத்த இந்த வீடும் போகும். திரும்பத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறை. மனைவி செல்விக்கு ஏழாம் மாதம்.

கீறியது நான் இல்லை. அப்போ யார்? பங்களாவில் காருக்குக் கிட்டே வருகிற வேறு ஆள் சமையல்காரன் அந்தோணிதான். போகிற போக்கில் எதன்மேலும் கூடையை வைக்கிற ஜென்மம்.

மார்ச் 5, வியாழன்
துரைசாணியோடு பதுளை. அவர் சந்தையில். நான் மோட்டார் சாமான் கடையில்.

பிரஷ் - கூடவே கூடாதாம்.
ஸ்பொஞ்ச் - மண்ணை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
கம்பளிக் கையுறை - நல்லதாம். விலை கூடினது எல்லாம் கடைக்காரருக்கு நல்லதுதான்.
வாளி இரண்டு. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் கையுறையை அலச.

கடைக்கார நானா சொன்னது: "தம்பி, பெயின்ட கீறுறது துணி இல்ல. துணியில ஒட்டி ஈக்கிற மண்ணு. மொதல்ல தண்ணிய அடிச்சி மண்ணக் கழுவுங்க. பொறகுதான் கைய வைக்கணும்."

விற்கிறவன் பேச்சை எப்படி நம்புவது? கையுறையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். நானா என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி
நானா சொன்னபடியே கழுவினேன். கையுறை பெட்டிக்குள். பூட்டு. சாவி என் இடுப்பில். அந்தோணி தேத்தண்ணி கொண்டுவந்தான். சீனி தூக்கலாக. இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?

மார்ச் 7, சனி
இடப்பக்கக் கதவில் புதுக் கோடு. துரை பார்க்கும் முன் நானே போய்ச் சொன்னேன், அந்தோணி நேற்று கார்மேல் கூடை வைத்ததைப் பார்த்தேன் என்று.

பொய். பார்த்தது போன மாதம். அதுவும் பழைய ஜீப்மேல்.

பின்னேரமே அவனைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை அவன். பேசாததே சந்தேகம்தான்.

மார்ச் 10, செவ்வாய்
காலைப் பெரட்டு. துரை ஆள் கணக்கெடுக்கும்போது வழக்கம்போல் காரைத் துடைத்தேன். செம்மண் ரோட்டில் வந்த தூசி. காய்ந்த பழைய பனியனால் சுற்றிச் சுற்றி ஒரு தேய். இருநூறு பேர் பார்க்கப் பளபளவென்று நிற்கவேண்டாமா? டிரைவருக்கு அதுதானே மரியாதை.

அந்தோணி கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில். கலையும்போது கிட்டே வந்தான்.

"அண்ணே, தண்ணி ஊத்தாம தொடைக்காதீங்க. மண்ணு அரைபடுற சத்தம் வரிசை வரைக்கும் கேக்குது. அப்புறம் ஒங்களையும் ஏசப் போறாங்க."

ஒங்களையும் என்றான். பனியனை விரித்துப் பார்த்தேன். செம்மண், குறுமணல். தினமும் காலையில் இதே பனியன், இதே கை. கூசிப்போனேன்.

செல்வியிடம் சொன்னேன்.
"அப்ப தொரைக்கிட்ட போயி சொல்லிருங்க."
"சொன்னா வீடு?"
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள்.

மார்ச் 17, செவ்வாய்
தூறல். ஒரு வாரமாகக் காய்ந்த துணியைத் தொடவில்லை. பெரட்டுக்குத் தூசியோடுதான் கார் போகிறது. இன்று கழுவி முடித்ததும் துரை காரை இரண்டு முறை சுற்றி வந்தார். புதுக் கோடு ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா டிரைவர்? அந்தோணி போனதும் கோடு நின்னுச்சு."

"ஆமாங்க தொரை" என்றேன்.