அட்டைப்பெட்டி அறை

திருப்பூர்,
தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

இந்துமதி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவை நேற்றுகூட எங்கள் பனியன் கம்பெனியில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம், அதை மறக்காமல் உனக்கு எழுதச் சொன்னார். கோவில்பட்டி விடுதிச் சாப்பாடு உனக்குப் பழகிவிட்டதா? வார்டன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருவார், ஆனால் கடிதத்தைத் தடுக்க மாட்டார் என்று உன் அம்மா சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. நான் மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பாடப் புத்தகத்தைச் சொல்லவில்லை. நீ ஜூன் மாதம் ஊருக்குப் போனதிலிருந்து என்னால் ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முடிக்க முடியவில்லை. போண்டா மடித்துக் கொடுத்த தாளையும் பிரித்துப் படிப்பவள் நான் என்று கிண்டல் செய்வாயே, அந்த நான்தான். ஒரே பத்தியை நாலைந்து தடவை படிப்பேன், கண் மட்டும்தான் நகரும். நம் வகுப்பு மோனிஷா இரக்கப்பட்டுத் தலையணை கனத்தில் ஒரு மாயாஜாலக் கதை கொடுத்தாள். ஐந்து பாகங்களில் அது முதல் பாகம். முன்பக்கம் வரைபடம், அடுத்து மூன்று அரச குடும்பங்களின் வம்சாவளி. யார் யாருக்கு மைத்துனன் என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. இனிமேல் எனக்குப் படிக்கவே வராதோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

உன் அம்மாதான் கண்டுபிடித்தார். பழைய பேருந்து நிலையம் பக்கம் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே உனக்காக ஒரு நாவல் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "பாகம் பாகமா வாங்க எனக்கு ஏலாது தம்பி, ஒரே புத்தகத்துல முடியுற கதையாக் குடுன்னு கேட்டேன். நீ மொதல்ல படி பாப்பா. ஒனக்குப் பிடிச்சா எங்க ரோஸுக்கும் பிடிக்கும்" என்றார். அதனால் உன் பரிசை உனக்கு முன்னால் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

புத்தகத்தின் பெயர் 'மெல்ல நடப்பவர்களின் ஊர்'. வரைபடம் இல்லை, வம்சாவளி இல்லை. முதல் பக்கத்திலேயே தும்பை என்கிற உப்பு விற்கும் பெண் தலைச்சுமையோடு ஊருக்குள் நுழைகிறாள். அந்த ஊரில் யாரும் ஓடக்கூடாது, மேளம் அடிக்கக்கூடாது, குழந்தை அழுதால் உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுகிறார்கள். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் காதை வைக்கிறாள். உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். மலை என்று அவர்கள் சொல்வது ஒரு மிருகத்தின் முதுகு, ரோஸ். ஊரே அதன் மேல் கட்டியிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒன்றை முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைப்பேன், கை தானாகப் பக்கத்தைத் திருப்பிவிடும். பள்ளிப் பேருந்தில் இறங்கும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தேன். அந்த நடையும் சந்தோஷமாகவே இருந்தது.

படிக்க ஒரு இடமும் கிடைத்திருக்கிறது. மாலையில் அம்மா கணக்குப் பார்த்து முடிக்கும்வரை நான் கம்பெனியில்தான் இருக்க வேண்டும். கீழே ஆபீஸில் எந்நேரமும் போன் சத்தம். அதனால் இப்போது இரண்டாவது மாடிக்குப் போய்விடுகிறேன். அமெரிக்காவில் வரியை ஏற்றியதிலிருந்து அங்கே அனுப்ப வேண்டிய சரக்கு போகாமல் நிற்கிறது. பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகளைப் பின்பக்கச் சுவரை ஒட்டிக் கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சந்து இருக்கிறது. மூன்று பக்கமும் பெட்டிகள், உள்ளே பனியன் என்பதால் சாய்ந்தால் மெத்தை மாதிரி இருக்கும். பக்கத்தில் அயர்னிங் டேபிள்கள், அதனால் கதகதப்பு. சில நேரம் லேசாகக் கருகல் வாசனை வரும். உன் அம்மா செக்கிங் டேபிளிலிருந்து எட்டிப் பார்த்து, என் அட்டைப்பெட்டி அறைக்குள் டீயும் பன்னும் நீட்டுவார்.

இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது. முடித்ததும் உனக்கு அனுப்பிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் ஜன்னல் பக்கம் படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்,
இந்துமதி


திருப்பூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள ரோஸ்மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கடிதத்தோடு புத்தகமும் வருகிறது. சனிக்கிழமையே சேர்ந்துவிடும் என்று கூரியர் கடையில் சொன்னார்கள். அட்டை ஓரம் கொஞ்சம் கசங்கியிருக்கும், அது என் தவறு. முடிவை நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். தும்பை சந்தையில் நின்று, நம் காலுக்குக் கீழே இருப்பது மலை இல்லை என்று உரக்கச் சொல்லும் இடம் வரும். ஜனங்களுக்கு மிருகத்தின் மேல் கோபம் வராது, அவள் மேல்தான் வரும். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இதை நீ தனியாக இருக்கும்போது படி.

போன வாரம் கம்பெனியில் பாதுகாப்பு ஆடிட் நடந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு புது ஆர்டர், அது கிடைத்தால்தான் கம்பெனி தப்பிக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்குக்கூட அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆடிட் அன்று பள்ளி முடிந்து மாடிக்கு ஏறினால், என் அட்டைப்பெட்டி அறையைக் காணோம். பெட்டிகளை எல்லாம் லாரியில் ஏற்றி முதலிபாளையம் பக்கம் ஒரு ஷெட்டில் வைத்துவிட்டார்களாம். தரையில் புது மஞ்சள் கோடு. நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காரும் இடத்தில், சுவர் என்று நினைத்திருந்த இடத்தில், சிவப்பாக ஒரு இரும்புக் கதவு. அதன் மேல் 'அவசர வழி' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தது.

இத்தனை நாளும் அந்தக் கதவை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளுக்குள் உட்கார்ந்துதான் சந்தோஷமாகப் படித்திருக்கிறேன், ரோஸ்.

ஆடிட் செய்யச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக அந்தக் கதவு வழியாக இரும்புப் படிக்கட்டில் இறங்கிப் பின்சந்துக்குப் போனார்கள். உன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். "இந்த வழி நம்ம வீட்டுக்குக் கிட்டத்துல இருக்கே, தெனமும் இப்பிடியே விட்டா என்ன" என்று அவர் சொல்ல, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கதவு எப்போதும் திறந்திருக்குமா என்று அந்த அம்மா கேட்டார். மானேஜர் ஆறுமுகசாமி அண்ணன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தபடி, ஆமாங்க என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரும் திருப்தியாக எழுதிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். குறை இருந்தால் பெயர் சொல்லாமல் கூப்பிடலாம் என்று அதில் ஒரு போன் எண் இருந்தது.

மறுநாள் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. யாரோ அந்தப் படி வழியாகப் பீஸ் திருடுகிறார்கள் என்று கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டார்கள். சாவி வாட்ச்மேன் கன்னையனிடம். அவர் முன்கேட்டில் இருப்பார், இல்லையென்றால் டீக்கடையில் இருப்பார். ஆறுமுகசாமி அண்ணன் என்னைப் பார்த்ததும் பிரியமாகச் சிரித்து, "பாப்பா படிக்கறதுக்கு எடம் உட்டுத்தானுங்க அடுக்கச் சொன்னேன்" என்றார். உண்மைதான், அதே இடைவெளியை அப்படியே விட்டிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தேன். கடைசி நாலு அத்தியாயம் பாக்கி. ஒரு வரிகூட ஓடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். மீதியைப் பள்ளியில் புங்கமரத்தடியில் நின்றுகொண்டே முடித்தேன்.

அன்று மாலை காரில் அப்பாவிடம் அந்தக் கதவைப் பற்றிக் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. என் தலையைத் தடவி, "அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு? லாரி வந்தாப் பொட்டியெல்லாம் போயிரும். இத்தனை வருசத்துல நம்ம கம்பெனில ஒண்ணும் ஆனதில்ல" என்றார். வீட்டுக்கு வந்ததும், அப்பாவிடம் இனி இதைப் பேசாதே, அவரே தூக்கமில்லாமல் கிடக்கிறார் என்று அம்மா அடுப்படியில் வைத்துக் கடிந்துகொண்டார். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். லாரி வரும் என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார். அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருக்கிறது.

நேற்று ஒரு அயர்னிங் டேபிளின் ஒயர் புகைந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அம்மாதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். பக்கத்திலிருந்த பெட்டியின் ஒரு மூலை கறுத்திருந்தது. அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எல்லோரும் வேலையைத் தொடர்ந்தார்கள். நான் உன் அம்மாவைத் தனியாக அழைத்துக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தெரியும் பாப்பா. இங்க எல்லாத்துக்கும் தெரியும். அந்த நம்பருக்கு யாராச்சும் போன் போட்டா ஆர்டர் போயிரும், கம்பெனிக்குப் பூட்டு. நாங்க எங்க போவோம்? நெருப்பு எங்களுக்குப் புதுசா என்ன, தெனமும் அதுகூடத்தான பொழைக்கிறோம்."

அவர் சொல்வது பொய்யில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனி அப்படித்தான் மூடியது. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் காலையில் டிபன் பாக்ஸோடு கேட் கேட்டாகப் போய் நிற்கிறார்கள். அதனால்தான் அந்த எண் எனக்கு மனப்பாடமாக இருந்தும் இன்றுவரை கூப்பிடவில்லை. அப்பாவின் முகமும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஆர்டர் கிடைத்துவிட்டது, ரோஸ். வரும் திங்கட்கிழமையிலிருந்து விடிய விடிய வேலை. கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் வர லீவு வேண்டும் என்று உன் அம்மா எல்லா இரவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். இரவில் வட நாட்டு ஆட்கள் வெளியே போய்விடுகிறார்கள் என்று, பத்து மணிக்கு மேல் முன் ஷட்டரையும் வெளியிலிருந்து பூட்டப் போவதாகக் கன்னையன் சொன்னார். மாடிப்படியில் இப்போதே துணிக்கட்டுகள், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடிகிறது.

நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மாவிடம், உனக்குக் காய்ச்சல், உடனே வந்து ஒரு வாரம் கூட இருக்க வேண்டும் என்று சொல். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும். எனக்காக ஒரு தடவை சொல். நான் கூப்பிட்டால் வரமாட்டார், நீ அழுதால் வருவார். அவர் இங்கே இல்லாத நாளில் அந்த எண்ணுக்கு நான் போன் செய்தால், என்னோடு பழகிய உன் அம்மா செல்லத்தாய்தான் சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் அவரைச் சந்தேகப்பட முடியாது. அதற்குப் பிறகு கம்பெனி என்ன ஆகும், அவருக்கு வேலை இருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்று எழுதினால் அது என் பொய்யாகிவிடும். நீ என்னை வெறுத்தாலும் வெறுக்கலாம். முதலில் அவரைக் கூப்பிடு, அதன்பிறகு வெறு.

அந்த மாடியில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அக்கா தன் மகளின் போட்டோவைத் தையல் மிஷினில் ஒட்டி வைத்திருக்கிறார். அந்தப் பெண் எந்த ஊரில் படிக்கிறாள், அவளுக்கு எந்த மொழியில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எழுத முடிகிறது, எழுதுகிறேன்.

பதில் போட்டு நாளைக் கழிக்காதே. உன் அம்மா ஞாயிறு இரவே பஸ் ஏற வேண்டும். கடவுள் உன்னையும் அவரையும் காப்பாற்றட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். அவரை நீ கூப்பிடு, ரோஸ்.

உன் அன்புத் தோழி,
த. இந்துமதி