ஊசிக்கையின் உயரம்

மார்ச் 3

இசைத்தட்டு பிளேயர் மறுபடி மந்தமாகப் பாடுகிறது. வயலின்கள் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல. ஊசி புதிது. எனவே ஊசி மாட்டிய கையின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது என் முடிவு. கையைத் தாங்கும் தூணின் பக்கத் திருகைத் தளர்த்தி, மயிரிழை ஏற்றி, இறுக்கினேன். கொஞ்சம் தெளிவு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு பிளேயர்களைக் கெடுத்துக் கற்றது.

மார்ச் 5

இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இவள் சமையலறையிலிருந்து வந்து, "ஏங்க, காது கூசுது, கதவையாவது சாத்துங்க" என்றாள். சாத்தினேன். கல்யாணமான நாளிலிருந்தே இவளுக்கும் இசைக்கும் ஆகாது.

மார்ச் 6

மந்தம்தான்.

மார்ச் 9

தூண் கடைசிவரை ஏறிவிட்டது. குழிக்குள் நிற்பது அதன் நுனி மட்டும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஊசிக்கை ஆடுகிறது. இவள் கூடத்தில் நடந்தால் ஊசி துள்ளுகிறது.

"கொஞ்சம் மெதுவா நடக்கக் கூடாதா?"

"இனிமே பறந்துதான் போகணும்."

பிளேயருக்கு அடியில் கல் பலகை, அதற்கடியில் ரப்பர். ரசமட்டம் வைத்தும் பார்த்தாயிற்று, மட்டம் சுத்தம். அப்புறம் என்னதான் கேடு இதற்கு?

மார்ச் 12

ரேடியோ ரிப்பேர்க்காரர் வந்து நின்றார். மகள் அனுப்பியிருக்கிறாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். பிளேயரைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். "என்ன சார், கை மூக்கால தட்டை உழுதுட்டு இருக்கு?"

ஒரு தட்டைப் போட்டேன். முகத்தைச் சுளித்தார். "இப்படிக் கீச்சுனு இருக்கே, எப்படி சார் தாங்குறீங்க?"

கீச்சா? மந்தமாக இருக்கிறது என்றுதானே இந்தப் பாடுபடுகிறேன். சொன்னேன். "மந்தமா?" என்றவர் இவளைப் பார்த்தார். இவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆளை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 13

மகள் போனில் கத்தினாள் — "அப்பா, வாசல் மணி அடிச்சாலே உங்களுக்குக் கேக்கறதில்ல." மணி கெட்டிருக்கும். நாளை கழற்றிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14

மணியில் பழுதில்லை.

மார்ச் 20

காது டாக்டர். ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அடுத்தது இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று. ஆரம்பித்து, முடிந்தும் விட்டதாம்.

ஏப்ரல் 2

காதில் மெஷின். உறுத்துகிறது. செய்தவனுக்குக் காது என்றால் என்னவென்றே தெரியாது போல.

தட்டைப் போட்டேன். சே, என்ன கீச்சு. ஊசியை எடுத்துவிட்டுத் தூணை இறக்கினேன். கை தட்டுக்குச் சமமாகப் படுத்தது, ஆட்டமும் நின்றது. யாரும் சொல்லி இறக்கவில்லை, நானாகத்தான் இறக்கினேன்.

மறுபடி ஊசியை வைக்கப் போகும்போது சமையலறையில் பேச்சு. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாருமில்லை. இவள்தான். குழாய் ஒழுகுவதையும், மகளுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் "சரிதானே?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் மேலே பேசிக்கொண்டு போனாள்.

எத்தனை நாளாக இப்படி?

"சரிதான்" என்றேன்.

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. இந்த மெஷினில் அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை.